பள்ளிக்கூடத்துக் குழாயும் ஊராட்சிக் கணக்கும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

1920ஆம் ஆண்டு செப்டம்பர் 16. அன்று சென்னை மாநகராட்சி மன்றக் கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் வந்தது. ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க வேண்டும், செலவு ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவைத் தாண்டக் கூடாது என்பது தீர்மானம். அப்போது மாநகராட்சித் தலைவராக இருந்தவர் பிட்டி தியாகராயர். அங்கே படிக்கும் பிள்ளைகள் மிகவும் ஏழைகள், அதனால் பள்ளியில் சேருகிறவர்களின் எண்ணிக்கையே குறைகிறது என்று அவர் எடுத்துச் சொன்னார். மன்றம் ஒப்புக்கொண்டது. பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. 1922-23இல் அந்த ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து 811 பிள்ளைகள் படித்தார்கள். 1924-25இல் 1,671 பேர். இரண்டே வருடத்தில் இரு மடங்கு.

அப்புறம் 1925 ஏப்ரல் 1 அன்று அது நின்றுபோனது. பிள்ளைகளுக்குப் பசி தீர்ந்துவிட்டதா? மாநகராட்சியிடம் காசு தீர்ந்துவிட்டதா? இரண்டும் இல்லை. அந்தச் செலவைத் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து எடுத்திருந்தார்கள். 1920ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டத்தைக் காட்டி, இந்த நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவு செய்யக் கூடாது என்று ஆங்கில அரசு சொல்லிவிட்டது. மறுபடியும் அடுப்பு பற்ற 1927 ஆயிற்று.

நான் முப்பது வருடங்களுக்கு மேல் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் வேலை பார்த்தேன். கடைசிப் பன்னிரண்டு வருடம் தலைமை ஆசிரியர். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். நம் பள்ளிக்கூடங்களில் நின்றுபோன காரியங்கள் பலவும் மனமில்லாமல் நின்றவை அல்ல. 'இது எந்தக் கணக்கில் வரும்?' என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றவை. இன்றைக்கு அந்தக் கேள்வியைப் பற்றித்தான் உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

என் பள்ளியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே தண்ணீர் மோட்டார் புகைந்துபோனது. மேலே தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை, கழிப்பறையைப் பூட்டிவிட்டோம். சின்ன வகுப்புப் பையன்கள் வெளியே ஓடிவிட்டு வந்துவிடுவார்கள். ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். மாதத்தில் சில நாள் பள்ளிக்கே வரமாட்டார்கள். வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தாலே அது தெரியும்.

நான் ஊராட்சியில் போய்ச் சொன்னேன். 'சார், அது ஒன்றியப் பள்ளிக்கூடம், ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள்' என்றார்கள். ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர்கள் இரண்டு பேர் உண்டு. ஒருவர் வட்டார ஊராட்சிக்கு, இன்னொருவர் கிராம ஊராட்சிகளுக்கு. கட்டடம் என்றால் அவர், தண்ணீர் என்றால் இவர். மோட்டார் எதில் சேரும்? அதற்கு அங்கே பதில் இல்லை, 'உங்கள் துறையில் எழுதிக் கேளுங்கள்' என்றார்கள். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் எழுதிக் கேட்டால், 'பராமரிப்பு உள்ளாட்சி வசம்தானே இருக்கிறது?' என்றார்கள். இப்படியே ஆகஸ்ட் வந்துவிட்டது. யாரும் என்னிடம் கடுமையாகப் பேசவில்லை, யாரும் லஞ்சம் கேட்கவில்லை. எல்லோரும் உண்மையாகவே அது அடுத்தவர் வேலை என்று நம்பினார்கள். எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது அதுதான்.

ஏன் இப்படி என்றால், அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்று பெயர்ப் பலகையில் இருக்கிறது. ஒரு காலத்தில் ஆசிரியர் நியமனம், சம்பளம் எல்லாம் ஒன்றியத்தின் வழியாகவே நடந்தது. 1981இல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். ஆசிரியர்களுக்கு அது பெரிய விடிவு, அதில் இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் ஆசிரியர் ஒரு துறைக்கும் கட்டடம் இன்னொரு துறைக்கும் என்று பள்ளிக்கூடம் இரண்டாகப் பிரிந்தது. கரும்பலகைக்கு முன்னால் நிற்பவர் கல்வித் துறை, கரும்பலகை மாட்டியிருக்கும் சுவர் ஊரக வளர்ச்சித் துறை.

அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் பதினொன்றாம் அட்டவணை என்று ஒன்று உண்டு. ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களின் பட்டியல் அது. 17ஆவது பொருள், தொடக்கப் பள்ளியும் இடைநிலைப் பள்ளியும் உள்பட்ட கல்வி. 20ஆவது, நூலகம். ஆனால் இந்த அதிகாரங்களை மாநிலச் சட்டமன்றம் 'அளிக்கலாம்' என்றுதான் அங்கே எழுதியிருக்கிறது, 'அளிக்க வேண்டும்' என்று இல்லை. நம் மாநிலத்தில் 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் வந்தது. முப்பது வருடம் கடந்தும் ஒரு கிராம ஊராட்சி தன் ஊர்ப் பள்ளிக்கு ஓர் ஆசிரியரைக்கூட நியமிக்க முடியாது. அது முடிய வேண்டுமா என்பது தனி விவாதம். என் கவலை, அந்த ஊராட்சியால் முடிந்த காரியங்களும் நடக்காமல் கிடப்பதுதான்.

சரி, என்ன முடியும்? அதற்கு ஊராட்சியின் பணப்பை எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கிராம ஊராட்சியில் ஒன்றாம் எண் கணக்கு என்று சொல்வார்கள். வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், மாநில நிதிக்குழு மானியம் எல்லாம் அதில் சேரும். இரண்டாம் எண் கணக்கு, மின் கட்டணமும் குடிநீர் வாரியத்துக்குக் கட்டும் தொகையும். மூன்றாவது, திட்டப் பணம். காசோலையில் தலைவர், துணைத் தலைவர் இருவரும் கையெழுத்திட வேண்டும். துணைத் தலைவரோடு மனத்தாங்கல் என்றால் தெருவிளக்கு பல்புகூட மாற்ற முடியாமல் கிடக்கும் ஊர்கள் இருக்கின்றன.

இது தவிர இந்திய அரசின் நிதிக்குழு மானியம். 15ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு ஒரு விதி வைத்தது. மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவாக வேண்டும், அதிலும் இரண்டுக்கும் பாதிப் பாதி. மீதி 40 சதவீதம் ஊரின் தேவைக்கு, ஆனால் சம்பளத்துக்கு எடுக்கக் கூடாது. ஊராட்சிகளின் கையைக் கட்டுகிறார்கள் என்று இதைக் குறை சொன்னவர்கள் உண்டு. அந்தக் குறையில் நியாயமும் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்தின் பக்கம் நின்று பாருங்கள். நம் பள்ளிகளின் முதல் குறை என்ன? குடிதண்ணீர், கழிப்பறை, கை கழுவும் குழாய். அந்த 60 சதவீதம் எழுதப்பட்டதே இதற்குத்தான் என்று தோன்றும். பள்ளியும் அங்கன்வாடியும் ஊருக்குள்தானே இருக்கின்றன? இது எனக்கு அந்த ஜூன் மாதத்தில் தெரியாது. தெரிந்திருந்தால் மூன்று அலுவலகம் அலைந்திருக்க மாட்டேன்.

இதைத் தெரிந்துகொண்டதே ஒரு கிராம சபையில்தான். நம் ஊர்களில் கிராம சபை முன்பு நான்கு நாள் கூடும், ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022இலிருந்து மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து ஆறு. நகரங்களிலும் 2022 நவம்பர் 1 முதல் வார்டுகளில் பகுதி சபை தொடங்கியது. குடியரசு நாள், சுதந்திர நாள் காலையில் ஆசிரியர்கள் கொடியேற்றுகிறோம், மிட்டாய் கொடுக்கிறோம், பத்து மணிக்குப் பேருந்து பிடித்துவிடுகிறோம். பதினொரு மணிக்கு அதே ஊரில், சில ஊர்களில் அதே பள்ளி மரத்தடியில், கிராம சபை கூடுகிறது. இருபது வருடமாக அதைப் பார்க்காமலே நானும் பேருந்து ஏறியிருக்கிறேன். ஆசிரிய நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன், அந்த இரண்டு நாளாவது ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போங்கள்.

அந்த ஆகஸ்ட் 15 அன்று நான் பேருந்து ஏறவில்லை. கூட்டத்தில் ஊராட்சிச் செயலர் வரவு செலவைப் படித்தார். படிவம் 30 என்று அதற்குப் பெயர், எல்லோர் பார்வைக்கும் வைக்க வேண்டிய கணக்குச் சுருக்கம். அதில் ஊராட்சியின் மற்ற மோட்டார்களைப் பழுது பார்த்த செலவு இருந்தது. ஒரு தாய் எழுந்து கேட்டார்: 'அதே கணக்கில் பள்ளிக்கூடத்து மோட்டாரையும் பார்க்கக் கூடாதா?' இரண்டரை மாதம் நான் பெரிய அலுவலகங்களில் தேடிய பதில் ஒரு வரியில் கிடைத்துவிட்டது. பதிவேட்டில் எழுதினார்கள்.

எழுதுவது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான தீர்மானங்கள் அங்கேதான் வீணாகின்றன. 'பள்ளிக்கு அடிப்படை வசதிகள் செய்து தரத் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. என்ன வேலை, எந்த இடத்தில், மதிப்பீடு யார் போடுவது, எந்த நிதியிலிருந்து, எந்த மாதத்துக்குள் என்ற ஐந்தும் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும். மோட்டார் என்றால் எத்தனை குதிரைத் திறன் என்பது வரை எழுதுங்கள். எழுதி முடித்ததும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். ஆட்கள் எண்ணிக்கையும் பாருங்கள். 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். குறைந்தால் கூட்டம் செல்லாது.

அக்டோபர் 2 கூட்டத்தைத் தவறவே விடாதீர்கள். அடுத்த ஆண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தின் வேலை அந்தச் சமயத்தில் தொடங்குகிறது. அந்தத் திட்டத்தில் ஏறாத வேலைக்கு நிதிக்குழு மானியத்திலிருந்து பணம் வாங்குவது கடினம். திட்டமும் செலவும் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் ஏறுகின்றன. கைப்பேசி வைத்திருக்கும் கல்லூரிப் பிள்ளை ஒருவர் ஊரில் இருந்தால் போதும், உங்கள் ஊராட்சியின் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பார்த்துவிடலாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவும் இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் குழு. முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் அதில் இடம் உண்டு. அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு, தன் எல்லைக்குள் 14 வயது வரை உள்ள எல்லாக் குழந்தைகளின் விவரத்தையும் உள்ளாட்சி அமைப்பு வைத்திருக்க வேண்டும் என்கிறது. இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதும் அதன் கடமை. செங்கல் சூளை உள்ள ஊர்களில் இருப்பவர்கள் இந்த வரியைத் தங்கள் ஊராட்சியில் படித்துக் காட்ட வேண்டும்.

ஆனால் உள்ளாட்சிப் பிரதிநிதியே இல்லாமல் போனால்? நம் மாநிலத்தில் அதையும் பார்த்தோம். 2016இல் நடக்க வேண்டிய தேர்தல் நின்று, 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதியில் 2019 டிசம்பரில்தான் நடந்தது. அதுவரை ஊராட்சிகளை நடத்தியவர்கள் அரசு நியமித்த தனி அலுவலர்கள். அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது, மறுபடியும் தனி அலுவலர்கள். நல்ல அலுவலர்களை நான் அறிவேன். ஆனால் ஓர் அலுவலர் பல ஊராட்சிகளைப் பார்க்க வேண்டும். வார்டு உறுப்பினர் என்றால் டீக்கடையில் பிடித்துக் கேட்கலாம், 'குழாய் என்னாச்சு?' என்று. தேர்தல் தள்ளிப்போவதைக் கட்சிகளின் விவகாரம் என்று நினைக்கிறோம். பள்ளிக்கூடத்துக்கு அதில் நேரடி நஷ்டம் இருக்கிறது, உடைந்ததைச் சொல்ல ஆள் இல்லாமல் போகிறது.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு வரி ஒரு ரூபாய் கட்டினால் அதோடு பத்துப் பைசா நூலக வரி. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் முதலாவது, இந்த வழியை வைத்தது. நகரங்களில் சொத்து வரியோடு கல்வி வரியும் வருகிறது. வேர் அதே 1920ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டம். ரசீதை வாங்கி மடித்து வைத்துவிடாமல், கல்வி வரி எவ்வளவு வசூலானது, எந்தப் பள்ளிக்கு எவ்வளவு போனது என்று மன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். வரி பாக்கி வைத்திருப்பவர்கள் முதலில் கட்டிவிடுங்கள். மற்றப் பணமெல்லாம் நிபந்தனையோடு வருகிறது. ஊர் தன் விருப்பப்படி செலவு செய்யக்கூடிய பணம் பெரும்பாலும் இந்த வரிப் பணம்தான்.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு மாநிலம் முழுவதும் பழைய பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள், புதிதாகக் கட்டப் பணமும் ஒதுக்கினார்கள். கட்டடம் எழும்பிய பின்பு அதைக் கூட்டிக் கழுவுகிறவர் யார், அவருக்கு மாதம் என்ன கொடுக்கிறோம் என்று எத்தனை கிராம சபையில் கேட்டிருக்கிறோம்? பள்ளித் தூய்மைப் பணியாளருக்குக் கிடைப்பது மிகச் சிறிய தொகை, அதுவும் மாதக் கணக்கில் தாமதமாகும். என் பள்ளியில் அந்த வேலையைச் செய்த அம்மா காலையில் பள்ளிக்கு வருமுன் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வருவார். அவருடைய ஊதியத்தை உயர்த்தக் கோரும் தீர்மானம் ஒவ்வோர் ஊரிலிருந்தும் அரசுக்குப் போக வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

எங்கள் மோட்டார் அந்தச் செப்டம்பர் இரண்டாவது வாரத்தில் வந்தது. தீர்மானத்தின் நகலைச் செயலரிடம் கேட்டு வாங்கிப் பள்ளிக் கோப்பில் வைத்தேன். நான் ஓய்வு பெறும் நாளில் அடுத்த தலைமை ஆசிரியரிடம் சாவிக் கொத்தோடு அந்தக் கோப்பையும் கொடுத்து, எந்தப் பக்கத்தில் அந்த நகல் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டிவிட்டு வந்தேன்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.