நன்னாரி மணக்கும் க்ரீம் சோடா

நேயர்களுக்கு வணக்கம்.

வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கத்திரி பிறந்தால் 40 டிகிரியைத் தாண்டும். வீட்டில் சோடா கலக்குகிறவர்களுக்கு அந்தச் சூடுதான் முதல் எதிரி. சோடாவில் சுரீரென்று ஏறுவது கரியமில வாயு. உறைநிலைத் தண்ணீரில் கரைகிற வாயுவில் ஏறத்தாழப் பாதிதான் 20 டிகிரித் தண்ணீரில் கரையும். நம் வீட்டு அறைச் சூட்டில் இன்னும் குறைவு. அதனால் சோடா, பாகு, டம்ளர் மூன்றும் ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிர்ந்த பிறகே கலக்க வேண்டும். சோடாவைக் கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். சமையல் சோடாவில் எலுமிச்சை பிழிந்தால் நுரை வரும், கூடவே உப்புக் கரிப்பும் வரும்.

மணத்துக்கு எல்லோரும் வெனிலா எசன்ஸ் தேடுவார்கள். நான் நன்னாரியைத்தான் சொல்வேன். நன்னாரி வேருக்கு மணம் தரும் பொருளிலும் வெனிலாவின் வெனிலினிலும் இருப்பவை அதே அணுக்கள், அதே எண்ணிக்கையில். அவை இணைந்திருக்கும் இடம் மட்டும்தான் வேறு. எவ்வளவு அழகான உறவு பாருங்கள்!

நாட்டு மருந்துக் கடையில் வேர் வாங்கி, கழுவி, தட்டி, நடு நரம்பை எடுத்துவிடுங்கள். ஒரு கைப்பிடி வேரை ஒரு டம்ளர் வெந்நீரில் போட்டு, இரவு முழுக்க மூடி வையுங்கள். கொதிக்க விட்டால் மணம் ஆவியோடு போய்விடும்.

அப்புறம் பாகு. சர்க்கரை 200 கிராம். அதில் இரண்டு மேசைக்கரண்டி மட்டும் அடிகனமான பாத்திரத்தில், சிறு தீயில் உருகட்டும். தேன் நிறம் வந்ததும் 100 மில்லி தண்ணீர் விடுங்கள். குபீரென்று ஆவி அடிக்கும், குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. சர்க்கரை கட்டிதட்டினால் கவலை வேண்டாம், கொதியில் கரைந்துவிடும். மீதிச் சர்க்கரையைப் போட்டு, கரைந்ததும் இறக்குங்கள். கம்பிப் பதமெல்லாம் தேவையில்லை. முழுக்க ஆறிய பிறகு, வடிகட்டிய நன்னாரித் தண்ணீர் 100 மில்லி சேர்த்தால் பாகு தயார். வெனிலா எசன்ஸ் போடுவதானாலும் ஆறிய பிறகுதான், ஒரு தேக்கரண்டி. அப்போது நன்னாரித் தண்ணீருக்குப் பதில் வெறும் தண்ணீர். பிள்ளைகள் பன்னீர் சோடா கேட்டால், சமையலுக்கான பன்னீரைக் கொஞ்சம் விடுங்கள்.

டம்ளரில் முதலில் பாகு, 40 மில்லி. டம்ளரைச் சாய்த்துப் பிடித்து, ஓரமாக 200 மில்லி சோடாவை ஊற்றி, ஒரே ஒரு சுற்றுக் கலக்குங்கள். அடித்து ஆற்றினால் காஸ் போய்விடும்.

அந்த 40 மில்லி பாகில் சுமார் 25 கிராம் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது வேண்டாம். மற்றவர்களுக்கும் ஒரு டம்ளர் போதும். மீதிப் பாகை ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.