நடுவழியில் மங்கும் புயல்

எல்லோருக்கும் வணக்கம்.

சூரியன் அவ்வப்போது தன் வெளி வளிமண்டலமான கரோனாவிலிருந்து ஒரு பெரிய மேகத்தை வீசி எறிகிறது. நூறு கோடி டன் பிளாஸ்மா, அதாவது மின்னூட்டம் கொண்ட வாயு, அதற்குள் முறுக்கிக் கிடக்கும் காந்தப்புலம். சூரியனின் ஒளி 8 நிமிடத்தில் நம்மை வந்தடையும். இந்த மேகத்துக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் ஆகும். அது பூமியைத் தாக்குவதைத்தான் புயல் என்கிறோம். 1859-இல் வானியலாளர் கேரிங்டன் சூரியனில் பார்த்த வெடிப்பின் புயல் பதினேழரை மணி நேரத்தில் வந்துவிட்டது. மேகம் கிளம்புவதற்கும் வந்து சேர்வதற்கும் உள்ள இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் அவகாசம்.

கிளம்புவதைப் பார்க்க நல்ல கருவி இருக்கிறது. முழுக் கிரகணத்தின்போது நிலா சூரியனை மறைப்பதால் கரோனா தெரிகிறது அல்லவா? அதே வேலையைத் தொலைநோக்கிக்குள் ஒரு சிறு தட்டு செய்கிறது. இதுதான் கரோனாகிராஃப். 1995-இல் ஏவப்பட்ட சோஹோ விண்கலம் இப்படித்தான் ஆயிரக்கணக்கான உமிழ்வுகளைப் படம் பிடித்தது. மேகம் சூரியனைச் சுற்றி வளையமாக விரிந்தால் ஒன்று நம்மை நோக்கி வருகிறது, அல்லது நேர் எதிர்ப்பக்கம் போகிறது. படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்! நேரே வரும் வண்டியின் வேகத்தை எதிரில் நின்று கணிப்பது எவ்வளவு கடினம்? பக்கவாட்டில் ஒரு கண் வேண்டும். 2006-இல் ஸ்டீரியோ என்ற இரட்டை விண்கலங்களை அனுப்பியது அதற்காகத்தான்.

சூரியனை விட்டுத் தள்ளிப் போகப்போக மேகம் மங்குகிறது. அதன் எலக்ட்ரான்கள் சிதறடிக்கும் சூரிய ஒளி, பின்னணி விண்மீன்களைவிடக் குறைவு. வழியில் சூரியக் காற்று, அதாவது சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் துகள் ஓட்டம், வேகமான மேகத்தை இழுத்துப் பிடிக்கும், மெதுவானதைத் தள்ளிவிடும். முன்னே போன மேகம் பாதையைத் துடைத்து வைத்திருந்தால் பின்னால் வருவது தடையில்லாமல் பாயும். 2012 ஜூலையில் அப்படித்தான் நடந்தது. நல்லவேளை, அது நம் பக்கம் வரவில்லை. இத்தனை காரணங்களால், வந்து சேரும் நேரத்தைச் சொல்வதில் இன்றும் பத்து மணி நேரம் முன்பின்னாகத் தவறுகிறோம்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை காந்தப்புலத்தின் திசை. மேகத்தின் புலம் தெற்கு நோக்கியிருந்தால் பூமியின் புலத்தோடு இணைந்துகொள்ளும், ஆற்றல் உள்ளே கொட்டும். வடக்கு நோக்கியிருந்தால் பெரும்பகுதி வழுக்கிக்கொண்டு போய்விடும். 1989 மார்ச் 13 அன்று இப்படி ஒரு புயலால் கனடாவின் கியூபெக்கில் மின்கட்டமைப்பு ஒன்றரை நிமிடத்தில் சரிந்தது. 60 லட்சம் பேருக்கு மின்சாரம் இல்லை. அப்படி ஒரு நாள் விடியுமா என்பதை அந்தத் திசையே பெரிதும் முடிவு செய்கிறது. எந்தப் படத்திலும் அது தெரியாது. பூமியிலிருந்து சூரியனை நோக்கி 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எல்-1 புள்ளியில் நிற்கும் கலங்களை மேகம் தொட்ட பிறகுதான் தெரியும். அப்போது நம் கையில் இருப்பது கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம்.

2025 மார்ச்சில் பஞ்ச் என்ற நான்கு சிறு செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டன. அந்த மங்கலான நடுவழியைத் தொடர்ந்து பார்ப்பதே அவற்றின் வேலை. இன்னொரு பக்கம், தொலைவிலுள்ள மூலத்திலிருந்து வரும் ரேடியோ அலை மேகத்துக்குள் புகுந்து வரும்போது அதன் அதிர்வுத்தளம், அதாவது அலை அதிரும் திசை, உள்ளே இருக்கும் காந்தப்புலத்தால் சற்றே திரும்புகிறது. எவ்வளவு திரும்பியது என்று அளந்தால் உள்ளே இருக்கும் புலத்தைப் பற்றி மேகம் வழியில் இருக்கும்போதே ஓரளவு ஊகிக்கலாம். மிக நுண்ணிய அளவீடு அது. என் நம்பிக்கை முழுவதும் இப்போது அதன்மேல்தான்.

இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.