விருந்து மேஜையில் விரித்த ஏடுகள் – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். போன பேச்சைக் கேட்டுட்டு ஒரு அம்மா எழுதியிருக்காங்க. "கேம்பிரிட்ஜ் பேராசிரியர்களுக்கெல்லாம் விருந்து வச்ச ரெட்டைச் சகோதரிகள்னு சொன்னீங்களே, அந்த ஆங்கிலேயப் பணக்காரப் பெண்களுக்குக் கிடைச்ச பேர் எல்லாம் அப்பா சொத்தால வந்ததுதானே?"ன்னு கேக்குறாங்க. இந்தக் கேள்வி என்னை விடவே இல்லைங்க.

அந்த ரெட்டைச் சகோதரிகள் ஆக்னஸ் ஸ்மித் லூயிஸ், மார்கரெட் டன்லப் கிப்சன் ரெண்டு பேரும் பிறப்பால ஸ்காட்லாந்துக்காரங்க. 1843ல இர்வின்ங்கிற ஊர்ல பிறந்தாங்க. பிறந்த கொஞ்ச நாள்லயே அம்மா தவறிட்டாங்க. வளர்த்தது அப்பா. அவர் வக்கீல். எந்த மொழியைக் கத்துக்கிட்டாலும் அந்த நாட்டுக்கு உங்களைக் கூட்டிட்டுப் போறேன்னு வாக்குக் கொடுத்தார். பொண்ணுங்க விடுவாங்களா? பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், இத்தாலியன்னு வரிசையாப் படிச்சாங்க. அப்பா போனதும் பெரிய சொத்து வந்தது. சொத்துக்கு முன்னாடியே மொழி வந்துடுச்சு, அதைக் கவனிங்க.

பணம் ஒட்டகத்துக்கு வாடகை கொடுக்கும், கேமரா வாங்கும். ஏட்டை வாசிக்குமா? இதை எத்தனை பேச்சுல சொன்னாலும் எனக்கு அலுக்கலை. 1892ல சூயஸ்லேர்ந்து பாலைவனம் வழியா எகிப்துல சினாய் மலையடியில இருக்கற புனித கேத்தரின் மடத்துக்குப் போனாங்க. வயசு நாற்பத்தொன்பது இருக்கும். மடத்துத் துறவிகள் கிரேக்கர்கள். இவங்க சரளமா கிரேக்கத்துல பேசவும் நூலகம் பார்த்துக்கிட்ட கலாக்தியோன் ஏடுகளை எடுத்துக் கொடுத்தார். நம்ம கேரளத்துச் சுரியானி சபைக்காரங்க வழிபாட்டுல வச்சிருக்காங்களே, அந்தச் சுரியானி மொழியை ஆக்னஸ் அந்தப் பயணத்துக்கு முன்னாடி முயற்சி பண்ணிப் படிச்சிருந்தாங்க.

அதுல ஒரு அழுக்கான தோல் ஏடு. பக்கம் பக்கமா ஒட்டிப் போயிருந்தது. ஆக்னஸ் என்ன பண்ணாங்க தெரியுமா? தேநீர்க் கெண்டியைக் கொதிக்க வச்சு, அந்த ஆவியில காட்டிக் காட்டி ஒவ்வொரு ஏடாப் பிரிச்சாங்க. மேல இருந்தது பெண் புனிதர்களோட கதைகள். அதுக்கு அடியில, சுரண்டி அழிச்ச பழைய எழுத்து மங்கலாத் தெரியுது. கூர்ந்து பார்த்தா நற்செய்தி! எல்லா ஏடுகளையும் சேர்த்து ஆயிரம் படம் அளவுக்கு எடுத்துட்டு வந்தாங்க.

கேம்பிரிட்ஜ்ல அந்தப் படங்களை யார் பார்த்துச் சொல்றது? இங்கதாங்க விருந்து வருது. அவங்க வீட்டுக்குப் பேர் காசில்பிரே. பர்க்கிட்ங்கிற இளம் அறிஞரை மனைவியோட சாப்பிடக் கூப்பிட்டு, படங்களை அவர் கண்ணுல படற மாதிரி வச்சாங்க. அவர் கையோட சுரியானி அறிஞர் பென்ஸ்லிகிட்ட கொண்டு போனார். நாலு நற்செய்திகளோட ரொம்பப் பழைய சுரியானி மொழிபெயர்ப்புன்னு உறுதியாச்சு. அடுத்த வருஷமே எல்லாரும் சேர்ந்து திரும்ப சினாய்க்குப் போனாங்க.

1896லயும் அப்படித்தான். கிழக்கே வாங்கிட்டு வந்த எபிரேயக் கிழிசல்களைச் சாப்பாட்டு மேஜையில பரப்பி, நண்பரும் யூத அறிஞருமான சாலமன் ஷெக்டரைக் கூப்பிட்டுக் காட்டினாங்க. அதுல ஒரு ஏடு, பென் சிராங்கிற பழைய யூத ஞானியோட நூல். பல நூற்றாண்டாக் காணாமப் போயிருந்த எபிரேய மூலம்! அந்த ஒத்தை ஏட்டைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஷெக்டர் கெய்ரோவுக்குப் போய், பென் எஸ்ராங்கிற யூதத் தொழுகைக்கூடத்துலேர்ந்து ஒரு லட்சத்துக்கும் மேல துண்டுகளைக் கொண்டு வந்தார்.

அதனால அந்த அம்மா இதைக் கேட்டிருந்தா எனக்கு இன்னும் சந்தோஷமா இருந்திருக்கும்: இவ்வளவும் ஏன் சாப்பாட்டு மேஜையில நடக்கணும்? ஏன்னா பல்கலைக்கழகத்துக்குள்ள அவங்களுக்கு இடமே இல்லை. 1897ல பெண்களுக்குப் பட்டம் கொடுக்கலாமான்னு கேம்பிரிட்ஜ்ல ஓட்டெடுப்பு வச்சு, கூடாதுன்னு தீர்த்தாங்க. அதே வருஷம், அதே ஊர்ல, இந்தச் சகோதரிகள் நிலமும் பணமும் கொடுத்த வெஸ்ட்மின்ஸ்டர் கல்லூரிக்கு அடிக்கல் நட்டாங்க! ஹாலே, செயின்ட் ஆண்ட்ரூஸ், ஹைடல்பர்க், டப்ளின் எல்லாம் ஆக்னஸைக் கூப்பிட்டு கௌரவப் பட்டம் கொடுத்தது. மார்கரெட் 1920லயும் ஆக்னஸ் 1926லயும் காலமானாங்க. கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டம் கொடுக்க ஆரம்பிச்சது 1948ல. எனக்கு இன்னும் ஆறலைங்க.

கெய்ரோ ஏடுகளைப் பத்தித் தனியாவே பேசணும், அது அடுத்த வாரம்.