வேலையிட உரிமையும் தேர்தல் மொழியும்

நடுவர் அவர்களே, தேர்தல் களத்தில் தொழிற்சங்கங்கள் கையாளும் மொழி உண்மையைத் துலக்குகிறதா, மறைக்கிறதா என்னும் இவ்வழக்கில், துலக்குகிறது என்று வாதிட ஆஸ்திரேலியாவின் 2007ஆம் ஆண்டுத் தேர்தல் ஒன்றே எனக்குப் போதும்.

அப்போதைய பிரதமர் ஜான் ஹோவர்டின் அரசு 2006 மார்ச்சில் நடைமுறைக்குக் கொண்டுவந்த ‘வொர்க் சாய்ஸஸ்’ (வேலைத் தெரிவுகள்) சட்டம், 100 பேர் வரை வேலைசெய்யும் நிறுவனங்களில், நியாயமற்ற பணிநீக்கத்தை எதிர்த்து முறையிடும் உரிமையை நீக்கியது. கூட்டு ஒப்பந்தங்களைப் பின்தள்ளித் தனிநபர் ஒப்பந்தங்களை முன்னிறுத்தியது. இத்தனையும் செய்த சட்டத்துக்கு, தொழிலாளிக்கு ஏதோ தெரிவு கிடைத்துவிட்டதாகத் தொனிக்கும் பெயர்! சட்டம் வருமுன்பே அதன் விளம்பரத்துக்குப் பொதுப்பணம் செலவிடப்பட்டதை எதிர்த்துத் தொழிற்சங்கப் பேரவையின் செயலாளர் கிரெக் கோம்பே, நாட்டின் உச்ச அமைப்பான உயர் நீதிமன்றம் சென்று, 2005இல் தோற்றார்.

சங்கங்கள் என்ன செய்தன? ‘தொழிலுறவுச் சீர்திருத்தம்’ என்ற அரசின் வறண்ட சொல்லாடலுக்குள் நின்று வாதாடாமல், ‘வேலையிடத்தில் உங்கள் உரிமைகள்’ என்று பேச்சை வாக்காளரின் வீட்டுக்குள் கொண்டுசென்றன. உறுப்பினரல்லாதவரும் தமக்கானதாக உணர்ந்த சொற்கள் அவை.

சங்கங்களின் விளம்பரத்தில் திடீரென வேலைக்கு அழைக்கப்பட்டு, குழந்தைகளை விட்டு வர இயலாமல், வேலைபோகும் அச்சத்தில் தவிக்கும் டிரேசி ஒரு நடிகைதானே என்று எதிரணியினர் கேட்டார்கள். நடிகைதான். குடும்பப் பொறுப்பைக் காரணமாக்கி ஒருவரை நீக்குவது அச்சட்டத்திலும் தடைசெய்யப்பட்டே இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எளிய முறையீட்டு வழி அடைபட்ட பின், மாதச் சம்பளத்தை நம்பியிருக்கும் ஒரு தாய் நீதிமன்றப் படியேறித்தான் அந்தப் பாதுகாப்பைப் பெறவேண்டும் என்ற நிலையை, எந்தச் சட்ட விளக்கவுரை அவளுக்கு அத்தனை தெளிவாகச் சொல்லியிருக்கும்?

மிகைப்படுத்தல் என்பவர்களுக்கு அரசே விடையளித்தது. 2007 மே மாதம், பறிபோகும் சலுகைகளுக்கு ஈடு கிடைக்கிறதா என்று பார்க்க ‘நியாயச் சோதனை’ ஒன்றை அது புகுத்தியது. தன் விளம்பரங்களிலிருந்து சட்டத்தின் பெயரையும் கைவிட்டது. சங்கங்கள் சொன்னது வெறும் பூச்சாண்டி என்றால், இந்தத் திருத்தம் எதற்காக?

அந்த நவம்பரில் ஹோவர்டு ஆட்சியோடு, 1974 முதல் தம்மிடமிருந்த பென்னலாங் தொகுதியையும் இழந்தார். வட்டி விகிதமும் நீண்ட ஆட்சியின் சலிப்பும் அத்தோல்வியில் பங்கேற்றன, அதை மறுக்கமாட்டேன். ஆயினும் பதவியிலிருக்கும்போதே தொகுதியை இழந்த முந்தைய பிரதமர் ஸ்டான்லி புரூஸும், 1929இல், தொழில் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் முறையில் கைவைக்கப்போய்த்தான் தோற்றார். அவரைத் தோற்கடித்தவரும் ஒரு தொழிற்சங்கத் தலைவரே.