வீட்டு கேமராவை வெளியூர்ல இருந்து பாக்கணுமா? போர்ட் திறக்கிறதுக்கு முன்னாடி இந்த ஒரு நம்பரைப் பாருங்க

(திரையில்: ராத்திரி நேர கேமரா படம். வாசல், திண்ணை, ஓரமா வைக்கோல் போர்.)

சிங்கப்பூர்ல உக்காந்துக்கிட்டு ஊர்ல இருக்கிற வீட்டு வாசலை போன்ல பாக்குறீங்க. சரி. அதே வாசலை முன்னப்பின்ன தெரியாத ஒருத்தனும் பாத்துக்கிட்டிருந்தா? "கேமரா மாட்ட வந்தவரு ரவுட்டர்ல ஏதோ போர்ட் ஓப்பன் பண்ணி விட்டாரு, அதுலேர்ந்து படம் வருது"ன்னு சொல்றவங்க எல்லாரும் இந்த வீடியோவைக் கடைசி வரைக்கும் பாருங்க.

வணக்கம். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, கும்பகோணம், மயிலாடுதுறைன்னு நம்ம டெல்டாவுல எந்தத் தெருவுக்குப் போனாலும், பெரியவங்க மட்டும் தனியா இருக்கிற வீடு இருக்கு. பிள்ளைங்க சென்னையில, துபாய்ல, மலேசியாவுல. அவங்களுக்காகத்தான் இந்த வீடியோ.

கேமரா போர்ட்டை, அதாவது வெளியிலேர்ந்து கேமராவுக்குள்ள வர்ற கதவை, நேரா இணையத்துக்குத் திறந்து விட்டா என்ன ஆகும்னு 2016-லயே உலகம் பாத்துடுச்சு. மிராய்னு ஒரு வைரஸ். கம்பெனியில போட்டுக் குடுத்த பாஸ்வேர்டை மாத்தாத கேமரா, கேமரா படத்தைப் பதிவு பண்ற டிவிஆர், ரவுட்டரா தேடித் தேடிப் புகுந்துச்சு. அந்த வருஷம் அக்டோபர் 21-ஆம் தேதி, அப்படிப் பிடிச்ச பெட்டிகளை வச்சே தளத்தோட பேரை ஐபி முகவரியா மாத்திக் குடுக்கிற டைன்ங்கிற நிறுவனத்தைத் தாக்கி, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் மாதிரி தளங்களை அமெரிக்காவுல மணிக்கணக்கா முடக்கிட்டாங்க. நம்ம திண்ணைக்கு மேல மாட்டியிருக்கிறதும் அதே வகைப் பெட்டிதான்.

இதுக்குத் தீர்வு, வீட்டு ரவுட்டர்லயே சொந்தமா ஒரு விபிஎன். காசு கட்டி வாங்குற விபிஎன் இல்ல. உங்க போனுக்கும் உங்க வீட்டுக்கும் நடுவுல மட்டும் போற, பூட்டுப் போட்ட பாதை. பிபிடிபின்னு ஒரு பழைய முறை சில ரவுட்டர்ல இன்னும் இருக்கும், அதைத் தொடவே தொடாதீங்க, அதை உடைக்க முடியும்னு நிரூபிச்சு வருஷக்கணக்காச்சு. ஓப்பன்விபிஎன் நல்லது. என் ஓட்டு வயர்கார்டுக்கு. 2020 மார்ச்ல லினக்ஸ்ங்கிற இயங்குதளத்தோட மையப் பகுதிக்குள்ளயே, அதாவது 5.6 கெர்னலுக்குள்ளயே, சேத்துட்டாங்க.

வயர்கார்டுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. சரியான சாவி இல்லாம யாராவது வந்து தட்டினா, அது பதிலே சொல்லாது. "பாஸ்வேர்டு தப்பு"ன்னு கூட சொல்லாது. போர்ட்டைத் துழாவுறவனுக்கு அங்க ஒண்ணு ஓடிக்கிட்டிருக்குன்னே தெரியாது.

இப்ப வீடியோ தலைப்புல சொன்ன அந்த நம்பர். ரவுட்டரோட செட்டிங்ஸ் பக்கத்துக்குள்ள போயி, இன்டர்நெட் ஸ்டேட்டஸ்ல இருக்கிற ஐபி அட்ரஸைப் பாருங்க. 100-ல ஆரம்பிச்சு, அடுத்த எண் 64-லேர்ந்து 127-க்குள்ள இருந்தா, நீங்க போர்ட் ஃபார்வர்டிங், அதாவது வெளியிலேர்ந்து வர்றதை வீட்டுக்குள்ள திருப்பி விடுற வேலையை, எத்தனை ராத்திரி கண் முழிச்சுப் பண்ணாலும் வேலை செய்யாது, ரவுட்டர்ல வைக்கிற விபிஎன்னுக்கும் வெளியிலேர்ந்து வழி கிடைக்காது. 10-ல ஆரம்பிச்சாலும், 192.168-ல ஆரம்பிச்சாலும் பெரும்பாலும் அதே கதைதான்.

(திரையில்: மூணாறு தலைப்பு, ஷட்டர்கள்.)

ஏன்னு கேட்டா, நீடாமங்கலம் பக்கத்துல ஆத்துத் தண்ணியைப் பிரிச்சு விடுற மூணாறு தலைப்புக்குத்தான் உங்களைக் கூட்டிட்டுப் போகணும். கல்லணையில பிரிஞ்சு வர்ற வெண்ணாறு இங்க வந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறுன்னு மூணா பிரியுது. உங்க வயல் பாமணியாத்துப் பாசனம்னு வச்சுக்குவோம். உங்க வரப்புல இருக்கிற மடையை நீங்க வெட்டி விடலாம், உங்க உரிமை. ஆனா தலைப்புல ஷட்டர் இறங்கி இருந்தா? மடையை எவ்வளவு அகலமா வெட்டினாலும் சொட்டுத் தண்ணி வராது. ஷட்டர் சாவி, அதைத் திறந்து மூடுற பாசனப் பணியாளரான லஸ்கர் கையில, லஸ்கருக்கு உத்தரவு மேலேர்ந்து வரணும். போர்ட் ஃபார்வர்டிங்னா உங்க மடை. அந்த 100-ல ஆரம்பிக்கிற நம்பர், மேல ஒரு தலைப்பு ஷட்டர் இருக்குன்னு சொல்ற அறிவிப்புப் பலகை. அதுக்குப் பேரு சிஜிநாட். ஒரு வெளி முகவரியை நூத்துக்கணக்கான வீட்டுக்குப் பங்கு வச்சுக் குடுக்கிறாங்க. பழைய ஐபி முகவரி, அதாவது ஐபிவி4, மொத்தமே சுமார் 430 கோடிதான். ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான கையிருப்பு 2011 ஏப்ரல்லயே கடைசிக் கட்டத்துக்கு வந்துடுச்சு. ஆத்துல தண்ணி கம்மியானா முறை வச்சு விடுறாங்கல்ல, அந்த மாதிரி பகிர்ந்துதான் ஆகணும்.

தண்ணிக்கும் டேட்டாவுக்கும் ஒரே ஒரு வித்தியாசம், அதுதான் நமக்கு வழி. வாய்க்கால்ல தண்ணி மேல ஏறாது, டேட்டா ஏறும். வீட்டுக்குள்ள இருந்து வெளிய போறதை அந்த ஷட்டர் தடுக்காது, அதே வழியா திரும்பி வர்ற பதிலையும் விட்டுடும். டெயில்ஸ்கேல்ங்கிற சேவை இதைத்தான் பயன்படுத்துது. போனும் வீடும் ரெண்டுமே உள்ள இருந்து வெளிய அழைக்கும், நடுவுல சந்திச்சுக்கும். உள்ள ஓடுறது வயர்கார்டுதான். வீட்ல ராஸ்பெர்ரி பைங்கிற சின்ன கம்ப்யூட்டரோ, லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப்போ இருந்தா, அதை சப்நெட் ரவுட்டரா, அதாவது வீட்டு நெட்வொர்க்குக்கு வழி விடுற பெட்டியா, வச்சு டிவிஆரைப் பாத்துடலாம். யாரு யாரைச் சந்திக்கணும்கிற ஏற்பாடு அந்தக் கம்பெனி கையில இருக்கு, அதை ஒத்துக்கிட்டுத்தான் போகணும். வேண்டாம்னா இணைய சேவைக்காரங்ககிட்ட மாசம் கூடுதல் காசு கட்டி ஸ்டாட்டிக் ஐபி, அதாவது மாறாத சொந்த வெளி முகவரி, கேளுங்க. ரெண்டு பக்கமும் புது ஐபி முறையான ஐபிவி6 இருந்தா அதுவும் ஒரு வழி.

நிஜமான வெளி முகவரி இருக்கிறவங்களுக்கு வேலை சுலபம். முதல்ல வீட்டு நெட்வொர்க்கை 192.168.1-லேர்ந்து 192.168.47 மாதிரி யாரும் வைக்காத எண்ணுக்கு மாத்துங்க. நீங்க தங்கியிருக்கிற ரூம்லயும் 192.168.1 இருந்தா, போன் டிவிஆரை அந்த ரூமுக்குள்ளயே தேடிக்கிட்டிருக்கும். அப்புறம் ரவுட்டர்ல விபிஎன் சர்வர், வயர்கார்டு, போர்ட் யுடிபி 51820. ரவுட்டர்ல அந்த வசதி இல்லன்னா ஓப்பன்டபிள்யூஆர்டிங்கிற இலவச ரவுட்டர் மென்பொருள் ஏறுமான்னு மாடல் நம்பரை வச்சுப் பாருங்க. முகவரி அடிக்கடி மாறும், அதனால முகவரி மாறினாலும் வீட்டைக் கண்டுபிடிக்கிற டைனமிக் டிஎன்எஸ் பேரு ஒண்ணு போட்டுக்கங்க. போனுக்கு ஒரு சாவி, லேப்டாப்புக்கு ஒரு சாவின்னு தனித்தனியா குடுங்க. போன் தொலைஞ்சா அந்த ஒரு சாவியை மட்டும் அழிச்சா போதும். போன்ல, எந்த முகவரிக்கெல்லாம் விபிஎன் வழியா போகணும்னு சொல்ற அலவ்டு ஐபிங்கிற இடத்துல 192.168.47.0/24-ஐயும் விபிஎன்-ஓட சொந்த எண்ணையும் மட்டும் போடுங்க. அங்க 0.0.0.0/0 போட்டீங்கன்னா நீங்க பாக்குற யூடியூப் கூட ஊர் வீட்டைச் சுத்தித்தான் வரும்.

சோதிக்கிறப்ப போன்ல வைஃபையை அணைச்சுட்டு மொபைல் டேட்டாவுல பாருங்க. வீட்டு வைஃபையில இருந்துக்கிட்டே "வேலை செய்யுது"ன்னு சொன்னா அது சோதனையே இல்ல. வயர்கார்டு ஆப்ல 'லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்' (கடைசியா வீட்டோட பேசின நேரம்) பக்கத்துல சில விநாடி காட்டினா ஜெயிச்சாச்சு. உடனே பழைய கேமரா போர்ட் ஃபார்வர்டிங்கை அழிச்சிடுங்க. நிறைய பேர் இதை விட்டுடறாங்க, அப்ப பட்ட பாடெல்லாம் வீண். டிவிஆர் பாஸ்வேர்டையும் அப்பவே மாத்திடுங்க.

வளைகுடா நாட்டுல இருக்கிறவங்க, விபிஎன் பத்தி அங்க என்ன சட்டம் இருக்குன்னு பாத்துட்டு ஆரம்பிங்க.

கடைசியா கரண்ட். ரவுட்டருக்கு மட்டும் சின்ன யுபிஎஸ் வாங்கி வச்சுட்டு, ஃபைபர் வந்து சேர்ற பெட்டியை மறந்துடறாங்க. ரெண்டுக்கும் வேணும். அடாப்டர்ல பொடி எழுத்துல 12 வோல்ட்னு இருக்கா, வேறயான்னு பாத்து வாங்குங்க. இது சில மணி நேரம் தாங்கும். 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்ப வேதாரண்யம் பக்கம் நாள்கணக்கா கரண்ட் இல்ல, அந்த மாதிரி நேரத்துல எந்த விபிஎன்னும் உதவாது. பக்கத்து வீட்டுக்காரங்க நம்பரை போன்ல வச்சுக்கங்க.

உங்க ரவுட்டர்ல அந்த முகவரி எந்த எண்ல ஆரம்பிக்குதுன்னு கீழ கமென்ட்ல போடுங்க. முதல் எண் மட்டும் போதும், முழு முகவரியைப் போட்டுடாதீங்க. 100-ல ஆரம்பிக்கிறவங்க நிறைய இருந்தா, டெயில்ஸ்கேலை ராஸ்பெர்ரி பையில போடுறதை அடுத்த வீடியோவுல ஒவ்வொரு படியா செஞ்சு காட்டுறேன்.