காலிக் கல்லாவும் திருடும் எண்ணமும்

வணக்கம் நேயர்களே.

லண்டன் ஆக்ஸ்போர்டு தெருவில் டெபனாம்ஸ் என்றொரு பெரிய கடை இருந்தது. எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள், கடை மூடும் நேரம், கல்லாக்களில் கணக்கு முடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பக்கமும் மேசை வைத்து மறித்த ஓர் இடத்துக்குள் ஒருவர் நுழைந்தார். பாதி திறந்திருந்த கல்லாவை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்த்தார். காலி. படாரென்று சாத்திவிட்டுக் கிளம்பியவரைப் பிடித்துவிட்டார்கள்.

திருடும் எண்ணத்தோடு அத்துமீறிப் புகுந்தார் என்று ஜூரி சொன்னது. அவர் மேல்முறையீடு செய்தார். எடுக்க ஒன்றுமே இல்லாத இடத்தில் திருட்டு எண்ணம் எப்படி வரும் என்பது வாதம். அந்த வாதத்துக்கு ஒரு பிடியும் இருந்தது. அதற்குச் சற்று முன் வேறொரு வழக்கில், 'திருடத் தகுந்ததாக இருந்தால் எடுக்கலாம் என்று நினைப்பவனுக்கு அந்த நேரத்தில் திருடும் எண்ணம் இருப்பதாகச் சொல்ல முடியாது' என்ற பொருளில் நீதிபதி ஸ்கார்மன் பிரபு எழுதியிருந்தார். 1979இல் நீதிபதி ஜெஃப்ரி லேன் அமர்ந்த மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்கவில்லை. உள்ளே நுழைந்தபோது மனதில் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி, கல்லாவில் என்ன இருந்தது என்பதல்ல என்று சொல்லி மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. சரியான தீர்ப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நம் நாட்டில் இந்தக் குழப்பத்துக்கு 1860லேயே வழி அடைத்துவிட்டார்கள். இந்திய தண்டனைச் சட்டத்தின் 511ஆம் பிரிவில் இரண்டு உதாரணங்கள் உண்டு. நகைப் பெட்டியை உடைக்கிறான், உள்ளே நகை இல்லை. அடுத்தவர் சட்டைப்பையில் கைவிடுகிறான், பை காலி. இரண்டுமே திருட்டு முயற்சிதான். அதற்குப் பதிலாக வந்த இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 62ஆம் பிரிவிலும் இதே உதாரணங்கள் இருக்கின்றன.

அப்படியென்றால் இரவில் அடுத்தவர் வீட்டில் அகப்பட்டவரெல்லாம் திருடரா? இல்லவே இல்லை. இங்கேதான் நான் கவலைப்படுகிறேன். இரவில் பூட்டை உடைத்தோ ஒளிந்தோ வீடு புகுந்தால் 3 ஆண்டு வரை சிறை. திருடுவதற்காகவே புகுந்தார் என்று நிரூபணமானால் 14 ஆண்டு வரை போகலாம். இந்த வித்தியாசம் முழுவதும் எண்ணம் என்ற ஒன்றில்தான் தொங்குகிறது. அதை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. 'திருடத்தான் வந்தேன்' என்று போலீஸாரிடம் சொன்னதாக எழுதிவைக்கும் வாக்குமூலம் சாட்சியமாகச் செல்லாது. ஆகவே செயலைப் பார்த்துத்தான் மனதைக் கணிக்க வேண்டும். வாசல் வழியாக வந்தாரா, கூரை ஓடுகளைப் பிரித்து இறங்கினாரா? கையில் கடப்பாரை இருந்ததா? பீரோ பக்கம் போனாரா, திண்ணையில் படுத்திருந்தாரா? தண்டனை பெற்றவர் மேல்முறையீடு செய்தால், அந்த முதல் மேல்முறையீட்டில் நீதிபதி இதையெல்லாம் புதிதாகவே எடைபோடலாம்.

ஆனால் அவர் முன்னால் இருப்பது கீழ்க்கோர்ட்டின் காகிதங்கள். அரசுத் தரப்புச் சாட்சிகள் முடிந்ததும், குற்றம் சாட்டப்பட்டவரை நீதிபதி நேரடியாகக் கேட்கும் கட்டம் ஒன்று உண்டு. அங்கே பலர் 'பொய் வழக்கு' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். மழைக்கு ஒதுங்கியிருந்தால், குடிபோதையில் வீடு மாறியிருந்தால், அதை அப்போதே சொல்லிப் பதிவாக்குங்கள் என்று வக்கீல்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். அன்று பதிவாகாத காரணத்தை அப்புறம் மேல்கோர்ட்டில் எழுந்து நின்று சொன்னால் எடுபடுவது கஷ்டம்.

வணக்கம்.