"எங்கட ஆள்தானே" என்று வீடு எடுக்கிறவர்களுக்கு

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து கதைக்கிறேன். நடுவில் கரையோர ரயில் போனால் கொஞ்சம் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் என்னவென்றால், வீட்டுக்காரரும் வாடகைக்கு இருப்பவரும். நான் இங்கே வாடகைக்கு இருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் அம்மாவின் வீட்டை நாங்கள் வாடகைக்குக் கொடுத்திருக்கிறோம். மாதம் பிறந்தால் ஒரு கையால் வாங்கி மறு கையால் கொடுக்கிற ஆள். அதனால் இரண்டு பக்கத்துக் கோபமும் எனக்குத் தெரியும்.

கொழும்பில் எங்கட ஆட்களுக்குள் வருகிற வீட்டுச் சண்டைகளில் பாதி "எங்கட ஆள்தானே" என்ற ஒரு சொல்லில் இருந்துதான் தொடங்குகிறது. வீடு பார்க்கப் போனால் என்ன கேட்பார்கள்? எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், யாருடைய மருமகன். எல்லாம் கேட்பார்கள். தண்ணி மோட்டர் பழுதானால் யார் செலவு என்று மட்டும் இரண்டு பேரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் மரியாதைக் குறைவாம்!

இதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது என்று நினைக்கிறேன். போர்க் காலத்தில் வடக்கு கிழக்கில் இருந்து வந்தவருக்குக் கொழும்பில் வீடு கிடைப்பதே பெரிய காரியம். பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் தங்குவது எவ்வளவு பயம் என்று உங்கள் அப்பா அம்மாவைக் கேட்டால் சொல்வார்கள். 2007 ஜூன் மாதம் லொட்ஜுகளில் இருந்த தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள், பிறகு உயர் நீதிமன்றம்தான் அதை நிறுத்தியது. அப்படியான காலத்தில் கதவைத் திறந்துவிட்ட ஒரு அன்டியிடம் போய் "ஒப்பந்தம் எழுதுவோமா" என்று கேட்க யாருக்கு வாய் வரும்? அந்தப் பழக்கம் இன்னும் எங்களை விட்டுப் போகவில்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால், உறுதி எழுதுகிற நொத்தாரிசு முன்னிலையில் எழுத வேண்டும். கடையில் வாங்கின படிவத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு "இரண்டு வருஷம்" என்று எழுதி வைத்தால், அந்த இரண்டு வருஷத்துக்கு உத்தரவாதம் இல்லை. மாத வாடகை மாதிரித்தான் அது நிற்கும். நொத்தாரிசு எழுதின குத்தகை இருந்தால், வீட்டுக்காரர் நடுவில் வீட்டை விற்றாலும் வாங்கினவர் உங்களை உடனே எழுப்ப முடியாது. வீட்டுக்காரருக்கும் அதில் இலாபம் இருக்கிறது. குத்தகை முடிந்தும் ஆள் போகாவிட்டால் வீட்டை விரைவாக மீட்க 2023இல் ஒரு சட்டம் வந்தது. அதைப் பயன்படுத்தவும் முறையாக எழுதின குத்தகை வேண்டும். ஆகவே, எழுதுவது நம்பிக்கையில்லாத வேலை என்று யாராவது முகம் சுளித்தால், இதை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது கரண்ட் பில். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேல்மாடியில் வீட்டுக்காரர், கீழே அனெக்ஸில் நீங்கள், மீற்றர் ஒன்றுதான். இங்கே வீடுகளுக்கான கரண்ட் பில் படிப்படியாக ஏறுகிறது. யூனிற் கூடக் கூட ஒரு யூனிற்றின் விலையும் கூடும், 180ஐத் தாண்டினால் ஆகக் கூடிய விலை. நீங்கள் 100, அவர்கள் 100 என்று வைப்போம். தனித்தனி மீற்றர் என்றால் இரண்டு பேரும் அந்த உச்சிக்கே போகமாட்டீர்கள். ஒரே மீற்றரில் 200 ஆகிவிடும், கடைசி யூனிற்றுகள் நெருப்பு விலை. யாரும் களவெடுக்கவில்லை, ஆனால் இரண்டு பேருக்கும் மற்றவர் ஏமாற்றுகிற மாதிரி இருக்கும். "உங்கட ஏசிதான்", "உங்கட அயன்தான்" என்று தொடங்கிவிடும். சப் மீற்றர் போட்டு, முழுப் பில்லையும் யூனிற் விகிதப்படி பிரிக்கலாம். தனி மீற்றருக்கு விண்ணப்பிக்க முடிந்தால் அதுதான் ஆகத் திறம்.

பிறகு கடல். மரைன் டிரைவ் பக்கம் வீடு எடுத்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உப்புக் காற்றில் கிறில் துருப்பிடிக்கும், பைப் இறுகும், ஏசியின் வெளிப்பெட்டி சிலநேரம் கண்ணுக்கு முன்னாலேயே உதிரும். போகும்போது வீட்டுக்காரர் "நான் தரும்போது புதுசு" என்பார். அவர் சொல்வதும் உண்மை, நீங்கள் உடைக்கவில்லை என்பதும் உண்மை. உள்ளே போகிற அன்றே சுவர், கிறில், பாத்ரூம் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, அவருக்கே வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தானாகத் தேய்வது அவர் பக்கம், நாங்கள் உடைத்தது எங்கள் பக்கம் என்று அன்றைக்கே கதைத்துக்கொள்ளலாம். கூரைப் பீலியில் தண்ணி தேங்கி நுளம்பு வந்தால் யார் துப்புரவாக்குவது என்பதையும் கேளுங்கள். டெங்கு பார்க்க வருகிற பீ.எச்.ஐ., அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், உங்கள் கதவைத்தான் தட்டுவார்.

வீட்டுக்காரர் கனடாவில், வாடகை வாங்குவது அவருடைய அக்கா. இது வெள்ளவத்தையில் சர்வசாதாரணம். அக்கா "திருத்துங்கோ" என்பார், தம்பி "யாரைக் கேட்டுத் திருத்தினீங்கள்" என்பார். முடிவு சொல்கிற ஆள் யார் என்று ஒரு மெசேஜில் எழுதி வாங்குங்கள்.

மச்சம், அதாவது மீன் இறைச்சி, சமைக்கக் கூடாது என்கிற வீடுகளும் உண்டு. அது அவர்களுடைய வீடு, அவர்களுடைய விருப்பம், எனக்கு அதில் குறை இல்லை. ஆனால் அட்வான்ஸ் வாங்கின பிறகு மீன் குழம்பு மணத்துக்குச் சொல்வது சரியில்லை. முதலே சொன்னால் நாங்கள் வேறு வீடு பார்ப்போம். அதேபோல, ஸ்பெயார் திறப்பு வைத்திருக்கிற வீட்டுக்காரர்களே, வருவதற்கு முதல் ஒரு கோல் எடுங்கள், தயவுசெய்து.

இன்னொன்று, வாக்காளர் இடாப்பு. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அது தேவைப்படும். வாடகைக்கு இருப்பவர் பெயரைப் போட்டால் வீடு போய்விடும் என்று சில வீட்டுக்காரர்கள் பயப்படுகிறார்கள். இடாப்பில் பெயர் இருப்பதால் யாருக்கும் வீடு சொந்தமாகிவிடாது. பிள்ளை இருந்தால் இதை வீடு பார்க்கும்போதே கேட்டுவிடுங்கள். வந்து குடியேறிய பிறகு கேட்டால் அவருக்கும் சந்தேகம் வரும்.

கடைசியாக அட்வான்ஸ். ஆறு மாதக் காசு, ஒரு வருஷக் காசு என்று கேட்கிறார்கள், அது பெரிய தொகை. வீட்டுக்காரர் அதை எடுத்து வேறெதற்கோ செலவழித்திருப்பார். அடுத்த ஆள் வந்தால்தான் திருப்பித் தர முடியும். இது எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாரும் வாயால் சொல்வதில்லை. விடுகிற திகதியை மூன்று மாதத்துக்கு முன்னரே சொல்லுங்கள், பெயின்ற் காசு எவ்வளவு கழிப்பார் என்பதையும் அப்போதே கேட்டு, வட்ஸ்அப்பில் பதில் வாங்கி வையுங்கள். பற்றுச்சீட்டு தொலைந்தாலும் அது இருக்கும்.